ஒரு ஆடு, ஒரு பஞ்சுப் பொதி, ஒரு தெப்பம்... ஓடை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் இருக்கிறது ஜார்ஜியா மாநிலம். பருத்திக்கும் நிலக்கடலைக்கும் பேர்போன ஊர். அங்கே 1990-களில் ஒரு மனிதர் விசித்திரமான காரியம் ஒன்றைச் செய்தார். ஒரு தெப்பத்தைக் கட்டி, அதில் ஒரு பஞ்சுப் பொதியை ஏற்றினார். ஓர் ஆட்டையும் பிடித்து நிறுத்தினார். தெப்பத்தில் மனிதர்கள் இரண்டு பேர். இந்தக் கூட்டத்தோடு தெப்பம் ஓர் ஓடையில் மிதந்து போனது.

கோயில் தெப்பத் திருவிழாவும் இல்லை, சினிமாப் படப்பிடிப்பும் இல்லை. அந்தப் பயணம் கோர்ட்டில் காட்டுவதற்கான சாட்சி! 'இந்த ஓடையில் சரக்கு ஏற்றிய படகு போகும்' என்று நிரூபித்துவிட்டால், ஓடை பொதுமக்களுக்கு உரியது. நிரூபிக்க முடியாவிட்டால், இரண்டு கரையிலும் நிலம் வைத்திருப்பவருக்கே அது சொந்தம். அவர் 'உள்ளே வராதே' என்று பலகை மாட்டலாம், கயிறு கட்டலாம், வருகிறவர் மேல் வழக்கும் போடலாம்.

1997-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆடு தோற்றது. அந்த மாநிலத்தின் சட்டம் 1863-ம் ஆண்டு எழுதப்பட்டது. 'வழக்கமான வியாபாரத்துக்காகச் சரக்குப் படகுகள் போய்வரக் கூடிய ஓடைதான் பொது ஓடை. வெறுமனே மரக்கட்டைகளை மிதக்கவிடுவதும், சின்னப் படகில் விறகு கொண்டுபோவதும் கணக்கில் சேராது' என்பது அதன் சாரம். ஒரே ஒரு தடவை ஓர் ஆடும் பொதியும் போய்ச் சேர்ந்ததை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது? தெப்பம் மிதந்தது, ஆனால் வழக்கு மூழ்கிவிட்டது.

படிக்கச் சிரிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால், 'இதில் படகு போகுமா?' என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் ஊராட்சிகளும் மாநகராட்சிகளும் மாநில அரசுகளும் நூறு வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. தூண்டில் போடும் உரிமை, பாலம் கட்டும் செலவு, ஆற்று மணல், அணைக்கு வாடகை, ஆலைக் கழிவு என எல்லாமே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

கேள்வி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கடலின் ஏற்ற இறக்கம் எட்டுகிற தூரம் வரை ஆற்றின் படுகை மன்னருக்குச் சொந்தம். அதற்கு மேலே கரைக்காரருக்குச் சொந்தம். சின்னத் தீவு நாட்டுக்கு அந்த விதி போதும். கடலிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் உள்ளே வரை நீராவிக் கப்பல்கள் ஓடிய அமெரிக்காவில் அது செல்லுபடியாகுமா?

மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ஆற்றில் 'டேனியல் பால்' என்றொரு நீராவிக் கப்பல் ஓடியது. எடை 123 டன். ஆனால், அது மிதக்க இரண்டு அடி தண்ணீர் இருந்தால் போதும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார்கள் என்று மத்திய அரசு அதன் மேல் வழக்குப் போட்டது. 1871-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடல் அலை எட்டுகிறதா என்பது இனி முக்கியமில்லை. வியாபாரத்துக்கும் பயணத்துக்கும் உண்மையிலேயே பயன்படுகிற ஆறா, அல்லது பயன்படக் கூடிய ஆறா என்று பார்த்தால் போதும். அப்படியானால் சட்டத்தின் கண்ணிலும் அது 'படகு செல்லத்தக்க' நீர்வழிதான்.

இதன் பின்னால் பெரிய சொத்துக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு பகுதி மாநிலமாக அமெரிக்காவோடு சேரும் நாளில் எந்தெந்த ஆறுகளில் படகு போகுமோ, அவற்றின் படுகை அன்றைக்கே அந்த மாநில அரசுக்குச் சொந்தமாகிவிடும். படகு போகாத ஓடையின் படுகை, நிலத்தோடு சேர்ந்து விற்கப்படும். ஆக, 'படகு போகுமா' என்று கேட்பதே, 'பட்டா யார் பெயரில்?' என்று கேட்பதுதான்.

ஊருக்கு ஓர் அளவுகோல்

மத்தியச் சட்டம் ஒன்று இருந்தாலும், மக்கள் ஓடையில் இறங்கலாமா, மிதக்கலாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் முடிவு செய்கிறது. அதில்தான் வேடிக்கை.

ஐடஹோ மாநிலம் மரம் வெட்டுகிற ஊர். அங்கே அளவுகோல் மரக்கட்டை. ஓடையில் இயல்பாகத் தண்ணீர் பெருகியிருக்கும் நாளில், 6 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள கட்டை மிதந்து போனால் போதும், அது பொது ஓடை. துடுப்புப் படகு போனாலும் சரிதான்.

டெக்சாஸில் தண்ணீரே தேவையில்லை. முகத்துவாரத்திலிருந்து மேலே வரும் வழியில் ஓடையின் சராசரி அகலம் 30 அடி இருந்தால் போதும். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மண் காய்ந்து கிடந்தாலும் சட்டப்படி அது 'படகு செல்லத்தக்க' ஓடைதான்! இந்த விதியால் ஒரு தலைவலியும் வந்தது. காய்ந்த படுகை பொது இடம் என்பதால், ஜீப் வைத்திருப்பவர்கள் அதிலே இறங்கி ஓட்ட ஆரம்பித்தார்கள். கரைக்காரர்கள் கொதித்தார்கள். 2004 முதல் ஆற்றுப் படுகையில் வண்டி ஓட்டுவதற்குப் பொதுவான தடை வந்தது. எங்கே அனுமதிக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொடுக்கும் வேலை உள்ளூர் நிர்வாகங்களின் தலையில் விழுந்தது.

கொலராடோவில் நிலைமை இன்னும் சங்கடம். தண்ணீர் பொது. ஆனால், தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரை தனியாருடையது என்று 1979-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ரப்பர் படகில் தனியார் நிலத்தின் வழியே மிதந்து போனவர்களுக்கு அத்துமீறல் குற்றத்துக்காகத் தண்டனை உறுதியானது. பிற்பாடு மாநிலத்தின் அரசு வழக்கறிஞர், படுகையைத் தொடாமல் மிதந்து போவது குற்றமாகாது என்று கருத்துச் சொன்னார். அதாவது, படகில் போகலாம். படகு தரை தட்டி, கால் ஊன்றி இறங்கித் தள்ளினால் பிரச்னை!

நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தண்ணீரைக் கண்டதும் காலை நனைப்பார்கள். அது எந்த மாநிலத்துத் தண்ணீர் என்று பார்த்தா நனைப்பார்கள்?

'படகு போகாது' என்று மனுப்போட்ட ஊர்கள்

பொதுவாக, ஓடை பொதுவாக இருக்க வேண்டும் என்று மக்கள் கேட்பார்கள், தனியார் மறுப்பார்கள். ஆனால், சில நேரம் ஊர் நிர்வாகமே 'ஐயா, எங்கள் ஓடையில் படகு போகாது என்று சொல்லிவிடுங்கள்' என்று கெஞ்சும். ஏன் தெரியுமா? பாலம்.

படகு செல்லத்தக்க நீர்வழி என்று பெயர் இருந்தால், அதன் குறுக்கே மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பாலம் கட்ட முடியாது. 1899-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இதுதான் விதி. இன்றைக்கு அந்த அனுமதியைத் தருவது கடலோரக் காவல்படை. அடியில் படகு போக வேண்டும் என்றால், பாலத்தை உயரமாகக் கட்ட வேண்டும். அல்லது நம் பாம்பன் பாலம்போலத் திறந்து மூட வேண்டும். திறந்து மூடுகிற பாலம் என்றால் இயந்திரம், ஆள், பராமரிப்பு என்று செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். சின்ன ஊராட்சியின் பட்ஜெட் தாங்குமா?

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 'பேயூ செயின்ட் ஜான்' என்று ஒரு நீர்வழி உண்டு. அந்த நகரம் அங்கே உருவானதற்கே அதுதான் காரணம். ஏரியிலிருந்து படகில் வந்து, கொஞ்ச தூரம் நடந்தால் மிசிசிப்பி ஆற்றங்கரையை அடையலாம். காலம் மாறியது. சரக்குப் படகுகள் நின்றன. நகரம் இரண்டு பக்கமும் வளர்ந்தது. 1936-ல் அமெரிக்க நாடாளுமன்றமே அதை 'படகு செல்லத்தகாத' நீர்வழி என்று அறிவித்தது. ஊர் பிறந்த வழியே, சட்டத்தில் இனி வழி இல்லை! தண்ணீர் மட்டும் இன்றும் அங்கேதான் நிற்கிறது. அதில் சின்னப் படகுகளும் மிதக்கத்தான் செய்கின்றன.

எல்லா ஓடைக்கும் நாடாளுமன்றம் வரை போக முடியுமா? அதனால் கடலோரக் காவல்படை ஒரு நடுவழியும் வைத்திருக்கிறது. 'சட்டப்படி படகு செல்லத்தக்கது. ஆனால், கட்டைகள், தோணிகள், சின்ன மோட்டார் படகுகள் தவிர எதுவும் போவதில்லை' என்று ஒரு தனி ரகம். அந்த ரகத்து ஓடைகளில் பாலத்துக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவைத்திருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே, ஏட்டுப் படகுக்குப் பாலத்தைத் தூக்கிக் கட்ட வேண்டாம் என்று ஏடே ஒப்புக்கொண்டது.

சாக்கடை என்றார்கள்... துடுப்போடு இறங்கினார்கள்!

இந்தக் கதைகளிலேயே முக்கியமானது லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள், அகலமான கான்கிரீட் கால்வாயில் கார்களும் லாரிகளும் துரத்திக்கொண்டு ஓடும். நடுவில் கோடு போட்ட மாதிரி கொஞ்சம் தண்ணீர் போகும். அதுதான் லாஸ் ஏஞ்சலிஸ் ஆறும் அதன் கிளை ஓடைகளும். 1938-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, ராணுவப் பொறியாளர் படை ஆற்றின் பெரும்பகுதிக்கு சிமென்ட் பூசிவிட்டது. 51 மைல் ஆறு, அதாவது சுமார் 82 கிலோமீட்டர், நகரத்தின் கண்ணுக்கு ஒரு பெரிய சாக்கடையாகிப் போனது. வேலி போட்டு, 'இறங்காதே' என்று எழுதியும் வைத்தார்கள்.

இதற்கிடையே 1972-ல் 'தூய நீர்ச் சட்டம்' வந்திருந்தது. கழிவை விடக் கூடாது, சதுப்பு நிலத்தை மண் கொட்டி மூடக் கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால், அது எந்தத் தண்ணீருக்குப் பொருந்தும்? சட்டத்தின் வாசகம் 'படகு செல்லத்தக்க நீர்நிலைகள்' என்றே தொடங்குகிறது. பழைய கேள்வி புது வேடத்தில் வந்துவிட்டது!

2006-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு சதுப்பு நில வழக்கு வந்தது. நீதிபதிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் மூன்றாகப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு, ஒவ்வோர் ஓடையும் பாதுகாக்கப்பட வேண்டுமானால், அது 'படகு செல்லத்தக்க' ஓர் ஆற்றோடு எப்படித் தொடர்புபட்டிருக்கிறது என்று காட்ட வேண்டிய நிலை வந்தது. 2008-ல் ராணுவப் பொறியாளர் படை, லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றில் மொத்தம் நான்கு மைல் தூரம்கூடப் படகு செல்லத்தக்கது இல்லை என்று முடிவு சொன்னது. தாய் ஆற்றுக்கே அந்தஸ்து இல்லை என்றால், மலையிலிருந்து அதில் வந்து சேரும் நூற்றுக்கணக்கான சிற்றோடைகளின் கதி என்ன? கழிவு விடுவதற்கும் மூடுவதற்கும் கதவு திறந்த மாதிரிதான்.

அந்த ஜூலை மாதம் எழுத்தாளர் ஜார்ஜ் வுல்ஃப் தலைமையில் ஒரு சிறு கூட்டம் கயாக் படகுகளோடு ஆற்றில் இறங்கியது. மூன்று நாள் பயணம். தண்ணீர் ஆழமான இடத்தில் துடுப்பு போட்டார்கள். சிமென்ட் தட்டிய இடத்தில் தள்ளினார்கள், இழுத்தார்கள். 51 மைலையும் கடந்து லாங் பீச்சில் கடலைத் தொட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த உயிரியலாளர் ஒருவர் அதே ராணுவப் பொறியாளர் படையில் வேலை பார்த்தவர். படங்கள் இணையத்தில் வந்ததும், அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ய மேலதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். துடுப்பு போட்டதற்கு!

ஆனால், துடுப்பு வீண்போகவில்லை. அந்த ஆகஸ்ட்டிலேயே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 'இந்த ஆற்றைப் பற்றிய முடிவை நாங்களே எடுக்கிறோம்' என்று தன் கையில் வாங்கிக்கொண்டது. 2010 ஜூலையில், முகமையின் தலைவர் லிசா ஜாக்சன், காம்ப்டன் ஓடைக் கரையில் நின்று அறிவித்தார்: 51 மைலும் படகு செல்லத்தக்க நீர்வழியே. முடிவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகளில் அந்த மூன்று நாள் பயணமும் ஒன்று. ஜார்ஜியாவில் ஆட்டால் முடியாததை இங்கே கயாக் செய்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் ஊர் மக்களுக்கு இனிப்பு. 2011 கோடையில் செபுல்வேடா பகுதியில் வழிகாட்டிகளோடு படகுச் சவாரி தொடங்கியது. டிக்கெட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்தன. 2013-ல் இன்னொரு பகுதியும் கோடைக்காலப் பொழுதுபோக்கு மண்டலமாகத் திறந்தது. பல வருடங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், பிள்ளைகளோடு உள்ளே இறங்கினார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. மாறியது ஒரு வார்த்தை மட்டும்தான்.

எந்தக் காலத்து ஆறு?

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆறு இன்றைக்கு இருக்கிற மாதிரியே அன்றைக்கும் இருந்ததா?

அரிசோனா 1912 பிப்ரவரி 14-ல் மாநிலமானது. ஃபீனிக்ஸ் நகரத்தின் வழியே போகும் சால்ட் ஆற்றின் மேலே ரூஸ்வெல்ட் அணை அதற்கு முந்தைய வருடமே முடிந்துவிட்டது. தண்ணீரை வாய்க்கால்கள் வாங்கிக்கொண்டன. படுகை காய்ந்தது. 'மாநிலமான நாளில் படகு போனதா?' என்றால், காய்ந்த ஆற்றில் எப்படிப் போகும்? 2010-ல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் நியாயமான ஒன்றைச் சொன்னது. அணையும் வாய்க்காலும் வருவதற்கு முன், இயல்பான நிலையில் ஆறு எப்படி இருந்திருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். கழுத்தை நெரித்தவரே, 'இவருக்கு முதலிலேயே மூச்சு இல்லை' என்று சொல்லித் தப்பக் கூடாது அல்லவா?

மான்டானாவில் எதிர்மாதிரி நடந்தது. ஆற்றுப் படுகை எங்களுடையது, உங்கள் அணைகள் அதில் நிற்கின்றன, வாடகை கொடுங்கள் என்று மாநில அரசு மின் நிறுவனத்திடம் கேட்டது. கீழ்க் கோர்ட் சுமார் 4.1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முழு ஆற்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும் என்றது. ஆதாரமாக வந்தவர்கள் லூயிஸ், கிளார்க் என்ற பயணிகள். 1805-ல் அவர்கள் மிசௌரி ஆற்றின் பெரிய அருவிகளைப் படகில் தாண்ட முடியாமல், படகுகளைத் தரை வழியே சுமந்து போனார்கள். இரு நூறு வருடம் கழித்து, அந்தச் சுமை ஒரு வாடகை வழக்கின் போக்கையே மாற்றியது!

இன்றும் சண்டை ஓயவில்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூய நீர்ச் சட்டத்தின் எல்லையை மேலும் சுருக்கியது. ஏறக்குறைய எப்போதும் தண்ணீர் இருக்கிற நீர்நிலைகளும், அவற்றோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக ஒட்டிய சதுப்பு நிலங்களுமே அதன் கீழ் வரும் என்றது. மழைக்கு மட்டும் ஓடுகிற சிற்றோடைகள் மத்தியப் பாதுகாப்பை இழந்தன. அவற்றைக் காப்பது இனி அந்தந்த மாநிலத்தின் மனசு.

அதே 2023-ல், ஆடு தோற்ற ஜார்ஜியாவிலும் ஒரு திருப்பம். ஃப்ளின்ட் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கும் உரிமை எனக்கே என்று கரைக்காரர் வழக்குப் போட, அரசுத் தரப்பு அதை ஒப்புக்கொண்டுவிட்டது. தூண்டில்காரர்கள் திரண்டு எழுந்தார்கள். சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. படகு செல்லத்தக்க ஆறுகளில் மீன்பிடிப்பது பொதுமக்களின் உரிமை என்றது. சரி, எந்த ஆறுகளெல்லாம் அப்படிப்பட்டவை? சுற்றிச் சுற்றி 1863-ம் ஆண்டு வாசகத்துக்கே வந்து நிற்கிறார்கள்!

நம் ஊரில் படகு தேவையில்லை

'இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

1869-ல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், சிகாகோ கரையோர மிச்சிகன் ஏரிப் படுகையை ஒரு ரயில்வே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. நான்கு வருடத்தில் மனம் மாறித் திரும்பப் பெற்றது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1892-ல் உச்ச நீதிமன்றம், 'படகு செல்லத்தக்க நீரின் படுகை அரசிடம் இருப்பது மக்களுக்கான அறங்காவல் சொத்தாக. அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது' என்றது. அந்தக் கருத்து கடல் கடந்து நம்மிடமும் வந்தது. 1996 டிசம்பரில், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றை ஒரு விடுதிக்காகத் திசைதிருப்பிய வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் அந்தச் சிகாகோ தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் பொது அறங்காவல் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. படகை அங்கேயே விட்டுவிட்டு, அறங்காவலை மட்டும் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே ஒரு சட்டம் இருக்கிறது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். தனியார் உரிமை நிறுவப்பட்ட இடங்கள் தவிர, ஆறு, ஓடை, ஏரி, குளம், வாய்க்கால், கடலோர உப்பங்கழி இவற்றின் படுகையெல்லாம் அரசின் சொத்து என்கிறது அதன் 2-வது பிரிவு. படகு போகிறதா, கட்டை மிதக்கிறதா, அகலம் 30 அடியா என்ற கேள்வியே இல்லை. தாண்டினால் கால் நனையாத ஓடையும் 'ஓடைப் புறம்போக்கு'தான். அந்த வகையில் நம் பாட்டன் காலத்துச் சட்டம் ரொம்பவே தாராளம்.

ஆனால், ஏட்டில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றா? சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் வந்த வழி. 2008-ல் மத்திய அரசு அறிவித்த தேசிய நீர்வழி 4-ல் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்திருக்கிறது. நகரத்துக்குள்ளேயோ, கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அமெரிக்காவில் படகு போன ஓடைக்குச் சட்டத்தில் இடமில்லை. இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது, படகுக்குத்தான் வழியில்லை.

எண்ணூரில் இன்னும் வேதனை. அங்கே மீனவர்கள் தினமும் தோணி விடுகிற உப்பங்கழி, பழைய கடலோர வரைபடத்தில் இருக்கிறது, பின்னால் வந்த வரைபடத்தில் காணவில்லை என்ற சர்ச்சை 2017-ல் வெடித்தது. தோணி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். காகிதத்தில் கழி இல்லை என்றால் அங்கே என்ன வேண்டுமானாலும் கட்டலாம் என்றாகிவிடும் என்பதுதான் மீனவர்களின் பயம்.

மனை வாங்கும் முன்...

அதனால், மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோக்கர் 'இது சும்மா மழைத்தண்ணி போற பள்ளம் சார்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

* தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, 'அ' பதிவேட்டு விவரத்தைப் பாருங்கள். அரசு புறம்போக்கா என்று சரிபார்க்கும் வசதியும் அங்கேயே உண்டு.

* புலப்பட நகலில், உங்கள் மனையை ஒட்டியோ குறுக்கேயோ ஓடை, வாய்க்கால் காட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

* பக்கத்துச் சர்வே எண்களையும் பாருங்கள். ஓடை உங்கள் மனையில் இல்லாமல், பின்பக்கத்து நிலத்தில் மூடப்பட்டிருந்தாலும் வெள்ளம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

* ஊர்ப் பெரியவர்களிடம், 'இங்கே முன்னே தண்ணீர் எந்த வழியாப் போகும்?' என்று கேளுங்கள். பதிவேட்டில் இல்லாததும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

* ஊரின் ஓடை பதிவேட்டில் இருந்து, தரையில் காணாமல் போயிருந்தால், அடுத்த கிராம சபையில் சர்வே எண்ணோடு எழுந்து கேளுங்கள். அதற்கு ஆடும் வேண்டாம், தெப்பமும் வேண்டாம். அந்தப் பதிவேட்டின் நகல் ஒன்று கையில் இருந்தால் போதும்.